வராந்தாவில் உருட்டிய கொழுந்து

கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைப்பக்கம் இருக்கிறது லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பேராதனைப் பூங்காவுக்கு 1824இலேயே சீனத் தேயிலைச் செடி வந்திருந்தது. ஆனால் அது பார்வைக்கு வைத்த செடி. தேயிலையை வியாபாரப் பயிராக்கியவர் டெயிலர்தான். இரண்டே ஆண்டில், அதுவரை தோட்டங்களில் விளைந்த கோப்பியைத் துருநோய் பிடித்தது. தோட்டத்துரைமார் பலரும் பின்னர் அவர் வழிக்கு வந்தார்கள்.

தொடக்கத்தில் அவருடைய பங்களா வராந்தாவே தொழிற்சாலை. பறித்த கொழுந்தை மேசையில் போட்டு, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டிக் கம்பித் தட்டில் உலர்த்தினார்கள். 1873இல் லண்டனுக்குப் போன சரக்கு வெறும் 23 இறாத்தல்.

உருட்டும்போது நடப்பது சுவாரசியமான வேதியியல். இளங்கொழுந்தின் உலர் எடையில் கால்பங்கு வரைகூடக் கட்டெச்சின் எனும் ஃப்ளேவனாய்டுகள் இருக்கும். இலை கசங்கியதும் உள்ளிருக்கும் நொதியும் காற்றும் சேர்ந்து அவற்றைத் தியாஃப்ளேவின், தியாருபிகின் என மாற்றிவிடும். தேத்தண்ணியின் சிவந்த சாயம் இவற்றால் வருவதுதான். கட்டெச்சினைப் பச்சைத் தேயிலையிலிருந்து ஜப்பானிய விஞ்ஞானி மிச்சியோ சுஜிமுரா பிரித்தெடுத்தது 1929இல். டெயிலர் இறந்து அப்போது 37 ஆண்டு.

இந்த ஃப்ளேவனாய்டுகளை இதயத்தோடு சேர்த்துப் பேசும் கதை இன்னும் பிந்தியது. நெதர்லாந்தின் சுட்ஃபென் ஊரில் 65 முதல் 84 வயதுவரையான 805 ஆண்களை ஐந்தாண்டு கவனித்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். கெர்செட்டின் முதலான ஐந்து ஃப்ளேவனாய்டுகளை அதிகம் உட்கொண்டவர்களிடம் இதயநோய்ச் சாவு, குறைவாக உட்கொண்டவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் கீழே. அவர்களுக்குக் கிடைத்த ஃப்ளேவனாய்டில் 61 சதவீதம் தேநீரிலிருந்து வந்தது; வெங்காயமும் ஆப்பிளும் அதற்குப் பின்னால்தான்.

தேயிலை வியாபாரிகள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் வேல்ஸின் கேர்ஃபிலியில் இதே மாதிரி பார்த்தபோது (1997) அந்தப் பலன் தென்படவில்லை. அங்கே தேநீரில் பால் ஊற்றுவது வழக்கம். பழி பால்மேல் விழுந்தது. 2007இல் பெர்லினில் 16 பெண்களுக்குக் கறுப்புத் தேநீர் கொடுத்துச் சோதித்தார்கள்: இரத்தக்குழாய் நன்றாக விரிந்தது, பால் சேர்த்ததும் அந்த விரிவு இல்லாமல் போனது. ஆனால் பால் சேர்த்தாலும் கட்டெச்சின் இரத்தத்தில் குறைவதில்லை என்று 1998இலேயே இன்னொரு ஆய்வு சொல்லியிருந்தது. வழக்கு இன்னும் தீரவில்லை.

தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் பாலில்லாத பிளேன்டீ குடிக்கும் பழக்கத்துக்கு இந்த ஆய்வுகளோடு சம்பந்தமில்லை. பால் வாங்கக் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். அந்தக் கோப்பையில் தாராளமாக விழும் சீனி, இதயத்துக்கு வேறொரு கணக்கு.