கேரட்டும் பிரம்பும்

கழுதையின் முன்னே கேரட், பின்னே பிரம்பு. ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் இணங்கவைப்பதைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர் இது. நம் முன்னோர் உரைத்த தானமும் தண்டமும் இதற்கு நெருங்கியவையே.

இதனை விளக்க, நான் பினாங்கு வரலாற்றையே எடுத்துக்கொள்வேன். சியாமுக்கு எதிராகக் கம்பெனியின் படையுதவி கிட்டும் என்று கெடா சுல்தான் அப்துல்லாவுக்கு நம்பிக்கையூட்டி, 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றினார். உதவி வரவில்லை. 1791-இல் தீவை மீட்கச் சுல்தான் படை திரட்டினார். லைட் அதனை முறியடித்தார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலருக்குச் சுல்தான் உடன்பட நேர்ந்தது. காட்டிய கேரட் கைக்கு எட்டவில்லை, பிரம்புதான் எட்டியது.

வாய்ப்பாடு ஒப்பித்தால் கதைப்புத்தகம் தருவதாகச் சொல்லி, ஒருமுறை நான் மறந்துவிட்டேன். "ஆசிரியரே, நீங்களும் லைட்தானா?" என்றான் ஒரு மாணவன்.

மறுநாளே புத்தகத்தோடு சென்றேன்.