மறதிநோய்க் கருவிகளும் சொந்தமில்லாத வீடுகளும்

மறதிநோயின் தொடக்க நிலையிலுள்ள முதியோர் தம் வீட்டிலேயே வாழ உதவும் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே எழுதப்படுகிறது. 2001இல் தொடங்கிய ‘எனேபிள்’ ஆய்வுத்திட்டம் ஐந்து நாடுகளில், பகலா இரவா எனக் காட்டும் நாள்காட்டி, தானே எரியும் படுக்கை விளக்கு, தொலைந்த பொருளைக் காட்டிக்கொடுக்கும் கருவி முதலியவற்றை வீடுகளில் வைத்துச் சோதித்தது. அதன் அடியில் சொல்லப்படாத இரு எடுகோள்கள் இருந்தன: வீடு முதியவருக்கு நெடுநாள் பழகியது; கருவியின் மொழி அவருடைய மொழி.

கேரளத்துக்கும் இத்துறையில் தனி வரலாறு உண்டு. இந்திய அல்சைமர் சங்கம் 1992இல் குன்னங்குளத்தில் தோன்றியது. ‘10/66’ ஆய்வுக்குழு 1998இல் கொச்சியில் நடந்த மாநாட்டில் உருவானது. மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதன்று என்பதே அப்பெயரின் பொருள்.

அக்கொச்சிக்குக் கிழக்கே, தமிழர் வாழும் எல்லைப்பகுதிகளில் அவ்விரு எடுகோள்களும் பொருந்துவதில்லை. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் பாலக்காடும் கேரளத்தின் பகுதிகளாயின. இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பைத் தொழிலாளிக்கே உரியதாக்கியது. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேராவிடில், ஓய்வுபெற்றவர் லயத்தைவிட்டு வெளியேற வேண்டும். மறதிநோயில் அண்மை நினைவுகள் முதலில் மங்கும். அடுப்படிக்கும் குழாயடிக்கும் பல்லாண்டு நடந்த கால்பழக்கம் நெடுநாள் நிற்கும். அப்பழக்கமே துணையாக வேண்டிய முதுமையில்தான் இம்மனிதர்கள் அறியாத வீட்டுக்குக் குடிபெயர்கின்றனர். இவ்விழப்பை எந்த நாள்காட்டியும் ஈடுசெய்யாது.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளில் சிக்கல் வேறு. அங்கே சொந்த வீடுடைய உழவர் குடும்பங்கள் பல உண்டு. இடர் மொழியில் உள்ளது. இருமொழியாளர் பலர் நோய் முற்றுகையில் தாய்மொழிக்குத் திரும்புகின்றனர். மருந்துண்ண நினைவூட்டும் குரல் மலையாளத்தில் ஒலித்தால், தமிழ் மட்டுமே எஞ்சிய செவிக்கு அது வெறும் ஓசை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் விடை பெறவும் உரிமை தந்தது. மனுவுக்குக் கிடைத்த அவ்வுரிமை மருந்துப்பெட்டியின் குரலுக்கும் நீள வேண்டும்.

இங்கிலாந்தில் 495 பேரிடம் நடந்த ‘அட்டிலா’ ஆய்வு, இத்தகைய கருவிகள் முதியோர் தம் வீட்டில் வாழும் காலத்தை நீட்டவில்லை என 2021இல் அறிவித்தது. நிலையான வீடுள்ளவர்க்கே அதுதான் முடிவென்றால், வீடே நிலையற்றோர்க்குக் கருவி மட்டும் என்ன செய்யும்? ஆகவே, இவ்வெல்லைப்பகுதிகளில் மறதிநோய்த் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் 2001இலிருந்து தொடங்கலாகாது. 1951ஆம் ஆண்டின் வீட்டிலிருந்தும் 1969ஆம் ஆண்டின் மொழியிலிருந்தும் தொடங்க வேண்டும்.