காட்டை அழித்து வீடு கட்டும் முன், நாம் எப்போது கருத்துச் சொல்லலாம்?

ஃபேரர் பார்க் திடல் பகுதியில் சுமார் 1,600 வீவக வீடுகள் வரும் என்ற செய்தி வந்தபோது அங்கே பந்து விளையாடிப் பழகிய பலருக்கும் ஒரே கேள்வி: "நம்மகிட்ட கேட்டாங்களா?"

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்பது என்ன?

ஒரு திட்டம் அங்குள்ள மரம், விலங்கு, நீரோடை, சுற்றுவட்டாரம் ஆகியவற்றை எப்படிப் பாதிக்கும், அதை எப்படிக் குறைக்கலாம் என்று முன்கூட்டியே பார்ப்பது. உதாரணத்துக்கு, விலங்குகள் தப்பிச் செல்ல வழிவிட்டு, மரங்களை ஒரு பக்கமாகப் படிப்படியாக வெட்டச் சொல்லலாம். ஆய்வு நடத்தும் நிபுணர்களைத் திட்டத்தை மேற்கொள்ளும் அமைப்பே நியமிக்கும். அதனால்தான் அறிக்கையை வெளியாட்களும் படித்துக் கேள்வி கேட்பது முக்கியம்.

எல்லாத் திட்டத்துக்கும் உண்டா?

இல்லை. சிங்கப்பூரில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. திட்ட அனுமதி நடைமுறையின் ஒரு பகுதியாகவே நடக்கிறது. இயற்கைக் காப்பகம், கடலோரம், பல்லுயிர் நிறைந்த இடம் ஆகியவற்றுக்கு அருகில் வரும் திட்டங்களே கூர்ந்து பார்க்கப்படும். நகரச் சீரமைப்பு ஆணையம், தேசியப் பூங்காக் கழகம் போன்ற அமைப்புகளைக் கலந்து பேசி, விரிவான ஆய்வு வேண்டுமா என்று முடிவு செய்யும்.

கருத்துச் சொன்னால் ஏதாவது மாறுமா?

டோவர் வனப்பகுதியைப் பாருங்கள். 2020 இறுதியில் வீவக அங்கு நடத்திய சுற்றுச்சூழல் ஆய்வை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எதிர்ப்பு குவிந்தது, அவகாசமும் நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலையில் முடிவு வந்தது: கிழக்குப் பாதியில் வீடுகள், மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடமாட்டார்கள், அதில் ஒரு பூங்கா வரும், சுமார் 10 ஆண்டுகளில் மறுபரிசீலனை. அதாவது, காடு முழுசா தப்பிக்கவும் இல்லை, முழுசா போகவும் இல்லை.

அப்போ ஃபேரர் பார்க்?

நகர நடுவே உள்ள விளையாட்டுத் திடலுக்கு இந்த மதிப்பீடு பொதுவாகப் பொருந்தாது. அங்கே கவனிக்க வேண்டியது பெருந்திட்டம்: எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் வரைபடம். ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அது மறுஆய்வு செய்யப்படும். இடையில் மாற்றம் முன்மொழியப்பட்டால், குறைந்தது இரண்டு வாரம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வட்டாரம் எதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று நகரச் சீரமைப்பு ஆணையத்தின் இணைய வரைபடத்தில் இப்போதே பாருங்கள். கருத்து எழுதும்போது "வேண்டாம்" என்று மட்டும் எழுதாதீங்க. எந்தப் பறவையை எங்கே பார்த்தீர்கள், திடலை யார், எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அதிகாரிகள் சரிபார்த்துப் பதில் சொல்லக்கூடியது அதற்குத்தான்.