பாய்மரப் படகுகளின் குளிர்கால நிறுத்தம்

பாய்மரப் படகுகளின் குளிர்கால நிறுத்தம் என்பது, பயணப் பருவம் முடிந்தபின் படகை அடுத்த இளவேனில் வரை ஒரு படகுத்துறையில் விட்டுவைப்பதாகும். பால்டிக் கடலின் பல பகுதிகளில் நீர் உறைவதால் படகுகள் பெரும்பாலும் கரையேற்றப்படுகின்றன. நடுநிலக் கடலில் படகை நீரிலும் விடலாம். எனவே அங்கு துறையைத் தேர்ந்தெடுப்பது முக்கியத்துவம் பெறுகிறது.

காற்றும் அலையும்

கோடையில் அமைதியாக உள்ள துறை குளிர்காலத்திலும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ள இயலாது. ஏட்ரியாட்டிக் கடலில் வடகிழக்கிலிருந்து போரா என்னும் குளிர்காற்று வீசுகிறது. சிரோக்கோ என்னும் காற்று தென்கிழக்கிலிருந்து பேரலைகளைக் கொணர்கிறது. 2018 அக்டோபர் 29 அன்று இத்தாலியின் ராப்பல்லோ நகரில் அலைதடுப்புச் சுவர் புயலில் உடைந்ததால், துறையில் இருந்த பல படகுகள் கரையில் வீசப்பட்டன. ஆகவே துறையின் வாயில் நோக்கும் திசையும் சுவரின் உறுதியும் முதலில் கவனிக்கப்படுகின்றன.

நீரும் நிலமும்

நீரில் விடப்படும் படகின் கயிறுகளை அடிக்கடி சரிபார்க்க ஆள் தேவை. நிலத்தில் அடிப்பகுதி உலர்கிறது, பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால் தாங்கிகள் உறுதியாக இல்லாவிடில் பலத்த காற்றில் படகு சாயக்கூடும். கிரேக்கத்தின் பிரெவேசாவுக்கு எதிரேயுள்ள அக்தியோவில் இத்தகைய பெரிய நிலத்தளங்கள் உள்ளன.

சட்ட விதிகள்

ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியே வசிப்பவர், வெளியே பதிவான தம் படகைப் பொதுவாக 18 மாதங்கள் வரை வரியின்றி ஒன்றியத்தில் வைத்திருக்கலாம். செங்கன் பகுதியில் 180 நாட்களுக்கு 90 நாட்கள் என்னும் வரம்பு பயணிக்கு உரியது, படகுக்கு அன்று.