கூண்டு ஏறாத ஊர்: கரிசல் நிலமும் புயல் எச்சரிக்கையும்

கடலோர மக்கள் புயலுக்கு அஞ்சுவர். கரிசல் மக்களோ அஞ்சிக்கொண்டே அதனை எதிர்பார்ப்பர். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்கிறது என்ற செய்தி வந்ததும் தூத்துக்குடியில் படகுகள் கரையேறுகின்றன. அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள கோவில்பட்டிச் சீமையில் அதே செய்தி வேறொரு பொருளைப் பெறுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலத்திற்குக் கடலில் எழும் தாழ்வு நிலைகளே பெருமழையைக் கொண்டு வருகின்றன. எனவே ஒரே காற்றுக்கு இரு நிலங்கள் இரு விதமாக ஆயத்தமாகின்றன. இவற்றுள் கடலோரத்தின் ஆயத்தமே அரசு ஏடுகளில் விரிவாக இடம்பெற்றது. கரிசலின் ஆயத்தம் பெரும்பாலும் வாய்மொழியில் வாழ்ந்தது. இன்று அதுவும் தேய்ந்து வருகிறது.

புயல் எச்சரிக்கையின் வரலாறு துறைமுகத்தில் தொடங்குகிறது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘சைக்ளோன்’ என்ற பெயரை ஆக்கி, 1848-இல் வெளிவந்த தம் நூலில் வழங்கினார். அந்நூல் மாலுமிகளுக்காக எழுதப்பட்டது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டனர். அடுத்த ஆண்டே அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. துறைமுகத்துக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும் ஏற்றப்பட்டன. நம் மக்கள் அதனைக் ‘கூண்டு ஏற்றுதல்’ என்றனர்.

அக்கூண்டுகளின் எண்கள் ஒன்று முதல் பதினொன்று வரை உள்ளன. முதற் பத்தும் ஆபத்தின் நிலைகளைப் படிப்படியாகச் சொல்பவை. பதினோராம் எண்ணின் பொருளே வேறு. வானிலை மையத்துடன் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் அறிவிப்பு. இனிச் சொல்வதற்கு ஒருவரும் இல்லை என்பதையும் ஓர் எச்சரிக்கையாகக் கருதி எண்ணிட்டவர்களின் முன்னறிவு வியக்கத்தக்கது. ஆயினும் இவ்வெண்கள் யாவும் கப்பலுக்கு உரைத்தவை. கோவில்பட்டியில் கூண்டு ஏற்றுவார் எவருமிலர்.

கூண்டு இல்லையென்பதால் கரிசலில் ஆயத்தம் இல்லையென்று கொள்ளலாகாது. மழை விழுமுன்னரே காய்ந்த மண்ணில் விதையிடுவது இவ்வட்டாரத்து உழவின் துணிவு. 1901-இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், விதையைக் கடினப்படுத்தி முன்பருவத்தில் விதைக்கும் முறையைப் பிற்காலத்தில் அறிவியல் வழியில் செம்மைப்படுத்தியது. வானத்தை நம்பி வித்தினை மண்ணுக்குள் முன்கூட்டியே அனுப்பி வைப்பதினும் பெரிய ஆயத்தம் வேறு யாது? அதனோடு கண்மாய்க் கரையை உயர்த்துவதும், மடையைச் சரிபார்ப்பதும், மறுகால் ஓடும் பாதையில் முள் அகற்றுவதும், படப்பை மேட்டில் வைப்பதும் ஊரின் பொதுவேலைகளாக இருந்தன.

இவ்வேலைகளுக்கு மண்ணின் இயல்பே காரணம். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் மழையை அவ்வெடிப்புகளின் வழியே ஆழக் குடிக்கிறது. குடித்த மண் பருத்து வெடிப்புகள் மூடிக்கொண்டபின் நீர் உள்ளே இறங்க மறுத்து மேலே ஓடுகிறது. முதல் நாள் மழையை வரமாக ஏற்ற அதே நிலம், தொடர்ந்து கொட்டும் மழையை வெள்ளமாக்கிவிடுகிறது. ஆகவே இங்கு அறிய வேண்டுவது காற்றின் வேகம் மட்டுமன்று. நீர் போகும் வழியும் ஆகும்.

‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்பது பழமொழி. விதைப்புக் கணக்கிற்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் பாதுகாப்புக்கு அதனை உறுதிமொழியாகக் கொள்ளவியலாது. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23 நாள்களில் வந்தது, அது மார்கழி. நம் மாவட்டத்தை மூழ்கடித்த பெருமழை 2023 டிசம்பர் 17-இல் தொடங்கியது. அதுவும் மார்கழி, அதன் முதல் நாள்.

இவ்விரண்டுக்கும் இடையே 2020-இல் வந்த ‘புரெவி’யையும் நினைவுகூர வேண்டும். பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே அது கரை கடக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. தூத்துக்குடி உள்ளிட்ட தென் மாவட்டங்களில் டிசம்பர் 4 அன்று பொது விடுமுறை அளிக்கப்பட்டது. ஆனால் புயல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. பெயரோடு வந்த புயலுக்கு யாவரும் ஆயத்தமாயிருந்தனர். அது வந்த வழியில் தளர்ந்தது. 2023-இல் வந்ததற்கோ பெயரில்லை. அது புயலே அன்று. குமரிக் கடற்பகுதியில் நிலவிய ஒரு வளிமண்டலச் சுழற்சி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. கோவில்பட்டியிலும் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டு மழையே சராசரியாக 65 செ.மீ. அளவினது என்பதை எண்ணினால் அந்த ஒரு நாளின் பாரம் விளங்கும். பல குளங்களின் கரைகள் உடைந்தன. தூத்துக்குடி நகரின் பெரும்பகுதி நீரில் நின்றது. முன்னறிவிப்பின் அளவும் நேரமும் போதுமானவையா என்பது பற்றி மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே பின்னர் விவாதம் எழுந்தது.

அவ்விரு மார்கழிகளிலும் ஒவ்வொரு தொடர்வண்டி உண்டு. 1964-இல் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கி நள்ளிருளில் சென்ற வண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலலையில் மறைந்தது. 2023-இல் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப் போயிருந்தது. அதிலிருந்த ஏறத்தாழ 800 பயணிகள் பசியோடும் அச்சத்தோடும் காத்திருந்தனர். ஆயினும் உயிரோடு மீண்டனர். அடுத்த நிலையத்தை நோக்கிச் செல்லவிருந்த வண்டிக்கு ‘நில்’ என்ற ஒரு சொல் உரிய காலத்தில் எட்டியதே இவ்வேறுபாட்டின் காரணம். எச்சரிக்கை என்பது இறுதியில் ஒரு சொல்லே.

சொல்லைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இங்கு ஒரு கடமை உண்டு. வட இந்தியப் பெருங்கடலில் பிறக்கும் புயல்களுக்காக 2020-இல் வெளியிடப்பட்ட 169 பெயர்களுள் இந்தியா தந்தவற்றில் ‘முரசு’, ‘நீர்’ என்பனவும் உள்ளன. தமிழ்ப் பெயர்கள் பன்னாட்டுப் பட்டியலில் ஏறியது மகிழ்ச்சியே. ஆனால் ஊரின் தாழ்வான நிலத்தைச் சுட்டும் தமிழ்ப் பெயர்கள் பத்திரங்களினின்று இறங்கிக்கொண்டிருக்கின்றன. உள்வாய், ஓடை, மறுகால், கலிங்கல் என்பன வெறும் சொற்கள் அல்ல. நீர் ஒரு நாள் இங்கு வரும் என்று முன்னோர் நிலத்தின்மேல் ஏற்றி வைத்த கூண்டுகள் அவை. கண்மாய் உள்வாயில் மனை பிரித்து, அதற்குப் புதுநகர் என்று பெயர் சூட்டும்பொழுது நாம் அக்கூண்டை இறக்கிவிடுகிறோம். அங்கு குடிபுகுபவர் அறியாமல் வெள்ளத்தின் வழியில் வீடு கட்டுகிறார்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரத்தின் வழக்குச் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாக அளித்தார். தனி மனிதர் ஒருவர் தொடங்கிய அப்பணியின் தொடர்ச்சியாக, ஒவ்வோர் ஊரின் நீர்வழிப் பெயர்களையும், எந்த மழையில் எந்தக் கரை உடைந்தது என்ற முதியோர் நினைவையும் இலக்கிய வட்டங்கள் தொகுக்கலாம். அத்தொகுப்பு கவிஞனுக்குச் சொல்வளம் தரும். ஊராட்சிக்கு வரைபடம் தரும். வரும் ஐப்பசிக்கு முன் நம் அன்பர்கள் ஆளுக்கொரு கண்மாயின் கரைமேல் நடந்து, எஞ்சியிருக்கும் நீர்ப்பாய்ச்சிகளைக் கேட்டு எழுதி வந்தால், பதினோராவது ஆண்டின் பணி அங்கேயே தொடங்கிவிடும்.