‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ தப்பான ஆங்கிலமா?



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் வருத்தப்பட்டார். “நான் 2004-ல் பாஸ்டு அவுட்” என்று அலுவலகத்தில் சொன்னாராம். “மயங்கி விழுந்தாயா?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். “நாம் படித்த ஆங்கிலமே தப்பா சார்?” என்று கேட்டார். தப்பில்லை. நாம் பேசும் இந்தத் தொடர்களுக்கெல்லாம் ஒரு வரலாறு உண்டு. அதன் தடயங்கள் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை நம் ஜிஎஸ்டி சாலை ஓரமாகவே கிடக்கின்றன.

முதலில் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’. இந்தியாவுக்கு ரயில் வருமுன்பே இங்கே ஸ்டேஷன் இருந்தது! வெள்ளைக்கார சிவில் அதிகாரிகளும் படை அதிகாரிகளும் தங்கி வேலை பார்த்த ஊருக்குத்தான் அந்தப் பெயர். ஊட்டியை ‘ஹில் ஸ்டேஷன்’ என்பதும் அந்த வழக்கில் வந்ததே. 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இந்தப் பொருளைப் பதிவு செய்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

பரங்கிமலையும் பல்லாவரமும் அப்படிப்பட்ட ராணுவ ஊர்கள். மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து நகர முடியாது. அனுமதி வாங்கிப் போனவர் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’. அரசு ஊழியர்கள் லீவு எடுத்து வெளியூர் போக இன்றும் தனியாக அனுமதி கேட்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். ஆக, இந்தத் தொடருக்குள் ‘பணியிடத்தை விட்டு’ என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. ‘அவுட் ஆஃப் டவுன்’ என்பதில் அது இல்லை. ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று நமக்கு ஸ்டேஷன் என்றால் ரயிலடிதான் நினைவுக்கு வரும். லண்டன்காரருக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் கேட்டால் பெரிய ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணை என்பார்கள். பழைய ராணுவப் பொருள் நம் ஊரில் ‘தாம்பரம் ஏர் ஃபோர்ஸ் ஸ்டேஷன்’ என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து ‘பாஸ் அவுட்’. பரங்கிமலையில் 1963-லிருந்து ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையம் இயங்குகிறது. பயிற்சி முடித்தவர்கள் அணிவகுத்து வெளியேறும் நாளுக்கு ‘பாஸிங் அவுட் பரேட்’ என்று பெயர். பிரிட்டிஷ் ராணுவத்திலும் இதே சொல்தான். நாம் அதைக் கல்லூரிக்கும் பள்ளிக்கும் கொண்டுவந்து விட்டோம். ராணுவத்துக்கு வெளியே மற்ற நாட்டவர் காதில் அது மயக்கமாக விழுகிறது. அங்கே ‘கிராஜுவேட்’ என்று சொல்லுங்கள். அதிலும் ஒரு நுட்பம்: அமெரிக்காவில் பள்ளி முடித்தாலும் கிராஜுவேட், இங்கிலாந்தில் வழக்கமாகப் பட்டம் வாங்கினால்தான்.

கடைசியாக ‘நேட்டிவ் ப்ளேஸ்’. சென்னைக் கோட்டையின் இந்தியச் சிப்பாய்கள் பல்லாவரத்தில் இருந்தார்கள். அவர்களது படைக்கு ‘மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி’ என்று பெயர். ‘நேட்டிவ்’ என்றால் ஆளப்படுகிறவன். மரியாதையான சொல் அல்ல. 1885-ல் படைப்பிரிவுகளின் பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நாமோ அதே சொல்லைப் பூர்வீகத்துக்கு வைத்து, “உங்களுக்கு எந்த ஊர் நேட்டிவ்?” என்று அன்பாக விசாரிக்கிறோம். ‘ஹோம் டவுன்’ இதற்குச் சமமல்ல. அது பிறந்து வளர்ந்த ஊர். சேலையூரில் வளர்ந்த பிள்ளைக்கு ஹோம் டவுன் தாம்பரம். தாத்தா ஊர் கும்பகோணம் என்றால் நேட்டிவ் கும்பகோணம். ‘ஊருக்குப் போகிறேன்’, ‘வெளியூர் போகிறேன்’ இரண்டுக்கும் தமிழில் இருக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?

நான் சொல்ல வருவது இதுதான். எதிரில் இருப்பவருக்குப் புரியும் சொல்லை எடுத்துப் பேசுங்கள், அது கெட்டிக்காரத்தனம். ஆனால் நம் சொல்லுக்காகக் கூனிக் குறுக வேண்டாம். கூச்சத்தில் வாயை மூடிக்கொண்ட எத்தனையோ நல்ல பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளைத் திருத்தும்போது “தப்பு” என்று அதட்டாமல், “அங்கே இப்படிச் சொல்வார்கள்” என்று சொல்லிக்கொடுங்கள்.

இதுபோல உங்களைச் சங்கடப்படுத்திய தொடர் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த பதிவில் பார்ப்போம். எல்லோரும் நலமாக இருங்கள்.