லயத்து விளக்கும் வீட்டு மீட்டரும்



சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங்குக்குப் போகும் சாலையில் இருக்கிறது சுங்கை லாலாங். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் குடும்பங்கள் பல இன்று அந்தப் பக்கத்துத் தாமான்களிலும் மலிவு வீடுகளிலும் குடியிருக்கின்றன. மாதம் ஒருமுறை மின்சாரப் பில் வருகிறது. நம்மில் பெரும்பாலோர் அதில் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறோம். எவ்வளவு கட்ட வேண்டும் என்ற எண்தான் அது. அதற்கு மேலே உள்ள வரிகளை யாரும் படிப்பதில்லை. அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்த சலுகை, கொடுத்துப் பின்னர் நிறுத்திய சலுகை எல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கின்றன. இன்று அவற்றைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

முதலில் பழைய கதை. மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் வீட்டுக்காக வரவில்லை, வேலைக்காக வந்தது. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்சாரத்தைப் பயன்படுத்தியவர்கள் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும். பத்துமலைக் கோவில் என்றால் நம் நினைவுக்கு வரும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். கெடாவில் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி முதலிய ஊர்களுக்கு விளக்கு தந்தது ஹட்டன்பாக் என்ற தனியார் வணிக நிறுவனம். 1949 செப்டம்பர் முதல் தேதி மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1964இல் ஹட்டன்பாக்கின் மின் விநியோகத்தை வாரியம் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டில் அதற்குத் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறிற்று. நம் பெரியவர்கள் இன்றும் 'எல்.எல்.என்.' என்று சொல்வது அதைத்தான். 1990 செப்டம்பரில் அது தெனாகா நேஷனல் ஆனது.

பட்டணத்தில் கம்பம் நட்ட வேகம் தோட்டத்தில் இல்லை. பால் கொட்டகைக்கும் துரை பங்களாவுக்கும் வெளிச்சம் வந்து வெகுகாலம் ஆன பிறகும் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. பிறகு இஞ்சின் கொட்டகை வந்தது. பொழுது சாயும் நேரத்தில் இஞ்சின் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கெல்லாம் நின்றுவிடும். நிற்பதற்குமுன் விளக்கு ஒருமுறை மங்கி எரியும். அந்த மங்கலைக் கண்டதும் அம்மாமார்கள், "படிச்சது போதும், பாயை விரி" என்பார்கள். வீட்டுக்கு ஒரு விளக்கு, இரண்டு விளக்கு. அதற்கு மீட்டர் கிடையாது, பில் கிடையாது. சில தோட்டங்களில் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள், சில தோட்டங்களில் அதுவும் இல்லை. நமக்கு மின்சாரம் என்பது அரசாங்கத்தோடு உள்ள கணக்காக இல்லாமல் தோட்டத்தோடு உள்ள கணக்காகவே பழகிப்போயிற்று. இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கோணல்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் 1990இல் புதிதாக வந்தபோது, வீட்டுக்குள் போதிய குழாய்நீர் தர வேண்டும், போதிய மின்சாரம் தர வேண்டும் என்ற கடமையை முதலாளியின் மேல் வைத்தது. தண்ணீரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'இலவசமாக' என்ற சொல் இருக்கிறது. மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அந்தச் சொல் இல்லை. ஒரே ஒரு சொல்தான். ஆனால் தோட்டத்துப் பெண்கள் மாதக் கடைசியில் போடும் கணக்கில் அதன் கனம் தெரியும்.

இனி மானியத்துக்கு வருவோம். மானியம் என்றதும் யாரோ வந்து கையில் பணம் கொடுப்பதாக நாம் நினைக்கிறோம். மின்சாரத்தில் பெரிய மானியம் கண்ணுக்கே தெரியாமல்தான் வந்தது. நம் நாட்டு மின் நிலையங்கள் பல இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. 1997 மே மாதம் முதல் அந்த எரிவாயுவை உலகச் சந்தை விலைக்கு அல்லாமல் அரசாங்கம் கட்டிய குறைந்த விலைக்குப் பெட்ரோனாஸ் விற்றது. இதனால் எல்லார் பில்லும் குறைந்தது. எல்லாருக்கும் என்றால் நியாயந்தானே என்று தோன்றும். ஆனால் யூனிட்டுக்கு இத்தனை காசு என்று மானியம் இருக்கும்போது, அதிக யூனிட் எரிப்பவருக்கு அதிக மானியம் போகிறது. நாலு குளிர்சாதனம் ஓடும் மாளிகைக்குக் கிடைத்தது, நாலு விளக்கு எரியும் வீட்டுக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

இதைச் சரிக்கட்ட ஒரு வழி, கட்டணத்தைப் படிக்கட்டாக வைப்பது. முதல் படியில் விலை குறைவு. மேலே ஏற ஏற விலை கூடும். விளக்கு, விசிறி, சமையல் என்று வாழ்வதற்குத் தேவையான அளவு மின்சாரம் யாருக்கும் எட்டாமல் போகக் கூடாது என்பது இதன் கருத்து. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975இல் இதற்கென்றே சட்டம் இயற்றி 'உயிர்நாடிக் கட்டணம்' என்று பொருள்படும் பெயரையும் வைத்தது. நம் நாட்டில் அந்த முதல் படி 200 யூனிட். அதன் விலை யூனிட்டுக்கு 21.8 காசு. 2006, 2008, 2011, 2014 ஆகிய ஆண்டுகளில் கட்டணம் உயர்ந்தபோதும் முதல் படி மட்டும் அசையவில்லை. 2025 நடுப்பகுதி வரை அதே 21.8 காசுதான். அரிசி, சீனி, பஸ் கட்டணம் எல்லாம் ஏறிய காலத்தில் ஏறாமல் நின்ற விலை அது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

2008 அக்டோபரில் இன்னொரு சலுகை வந்தது. மாதப் பில் 20 வெள்ளிக்கு மேல் போகாத வீட்டுக்கு அந்தப் பில்லை அரசாங்கமே கட்டிவிடும். 2018 கடைசி வரை, பத்தாண்டுக்கும் மேலாக இது நடந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் 20 வெள்ளி என்றால் எத்தனை யூனிட் என்று பார்க்க வேண்டும். 21.8 காசு வீதம் 91 யூனிட்டுக்கு 19 வெள்ளி 84 காசு. 92ஆவது யூனிட்டில் 20 வெள்ளி தாண்டிவிடுகிறது.

ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது தெரிந்தால் போதும், கணக்கை வீட்டிலேயே போடலாம். 40 வாட் குழல் விளக்கு மூன்று, தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 18 யூனிட். 60 வாட் விசிறி இரண்டு, பத்து மணி நேரம் சுற்றினால் 36 யூனிட். 80 வாட் தொலைக்காட்சி ஐந்து மணி நேரம் ஓடினால் 12. 500 வாட் சோற்றுப் பானை தினம் ஒரு மணி நேரம் கொதித்தால் 15. கூட்டினால் 81 யூனிட். பில் 17 வெள்ளி 66 காசு. இந்த வீட்டுக்கு இலவசம். சரி, இதே வீட்டில் ஓர் ஐஸ் பெட்டியை வைப்போம். நாளுக்கு ஒரு யூனிட் என்றால் மாதம் 30. மொத்தம் 111 யூனிட், 24 வெள்ளி 20 காசு. மேலே போன 4 வெள்ளி 20 காசை மட்டும் கட்டினால் போதுமா? போதாது. 20 வெள்ளி கோட்டைத் தாண்டியதும் சலுகை முழுவதும் போய்விடும். 24 வெள்ளி 20 காசும் நாமே கட்ட வேண்டும்.

ஆக அந்தக் கோடு ஐஸ் பெட்டியின் வாசலில்தான் போடப்பட்டிருந்தது. இன்சுலின் மருந்தைக் குளிரில் வைக்க வேண்டிய நீரிழிவுக்காரர் இருக்கும் வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, விடிவதற்குமுன் வேலைக்குப் போவதால் நேற்றைய குழம்பைக் காப்பாற்றி வைக்க வேண்டிய வீடு எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயின. கூட்டுக் குடும்பத்தின் நிலை இன்னும் மோசம். மூத்த மகன் குடும்பம் முன்னறையில், பெரியவர்கள் நடுவறையில், இளையவன் குடும்பம் பின்கட்டில் என்று ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரியும் வீடு 91 யூனிட்டுக்குள் நிற்க முடியுமா? ஏழ்மை அதிகம் என்பதால்தானே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்! மீட்டருக்கு அது தெரியாது. தனியாக வாழும் ஒருவர், வசதி உள்ளவரே ஆனாலும், வீட்டில் அதிகம் தங்காதவராக இருந்தால் அவருக்குப் பில் இலவசம்.

தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கோ கதை வேறு. கழிவு பில்லில்தான் வந்தது. தன் பேரில் கணக்கு இல்லாமல், தோட்டத்தின் பெரிய மீட்டரிலிருந்து கிளை இழுத்த லயத்து வீட்டுக்கு அது வந்து சேர வழியே இல்லை. மண்ணெண்ணெய்க் காலத்திலிருந்து வந்த அந்தப் பழைய பழக்கம் இப்படித் திரும்பி வந்து நின்றது.

2019 ஜனவரி முதல் முறை மாறியது. எவ்வளவு மின்சாரம் எரிகிறது என்று பார்ப்பதை விட்டு, குடும்பம் ஏழையா என்று பார்க்கத் தொடங்கினார்கள். இ-காசிஹ் என்ற அரசாங்கப் பட்டியலில் ஏழை, பரம ஏழை என்று பதிவான குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை கழிவு. பின்னர் வந்த ஆண்டுகளில் பரம ஏழைகளையே முன்வைத்து இது தொடர்ந்தது. இதில் ஒரு நன்மை உண்டு. கோடு தாண்டினால் எல்லாம் போச்சு என்ற நிலை இல்லை; 40 வெள்ளிக்கு மேல் வருவதை மட்டும் கட்டினால் போதும். நாம் மேலே சொன்ன 111 யூனிட் வீடு ஐஸ் பெட்டியோடு நிம்மதியாக உள்ளே வந்துவிடும்.

ஆனால் பட்டியலில் இருப்பது மனிதர் பெயர். மீட்டரில் இருப்பது கணக்கு எண். இரண்டையும் யாராவது இணைத்துப் பதிய வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி வீட்டுப் பில் இன்றும் தாத்தா பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. தாத்தா காலமாகிப் பல வருஷங்கள். "அவர் பேரு அதுலயாவது இருக்கட்டுமே" என்பார் பாட்டி. அதில் அன்பு இருந்தது, கழிவு இல்லை. பட்டியலில் அவர் பெயரும் இல்லை. ஏனென்றால் பதிவுக்கு யாரும் அவரை அழைத்துப் போகவில்லை. மகள் ஒருநாள் வேலைக்கு விடுப்பு எடுத்து, அடையாள அட்டை, மரணப் பத்திரம், பழைய பில் எல்லாவற்றையும் ஒரு நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு சுங்கை பட்டாணிக்கு அழைத்துப் போனார். இரண்டு முகப்பிடம், மூன்று நடை. அந்த நாள் சம்பளம் போனதையும் கணக்கில் சேர்த்தால், முதல் மாதக் கழிவு அதிலேயே சரி. சுங்கை லாலாங் பகுதி கோலமூடா மாவட்டத்தைச் சேர்ந்தது. இ-காசிஹ் பதிவுக்கு மாவட்ட அலுவலகத்தை அணுக வேண்டும் என்பதை இதே மூச்சில் சொல்லிவிடுகிறோம்.

2020 ஜூலையில் அரசாங்கம் வறுமைக் கோட்டு வருமானத்தை மாதம் 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளிக்கு உயர்த்திற்று. அதுவரை 'ஏழை அல்ல' என்று கணக்கிடப்பட்ட பலர் ஒரே நாளில் ஏழை ஆனார்கள். அவர்கள் பையில் ஒரு காசும் கூடவில்லை, குறையவும் இல்லை. முன்பு விண்ணப்பித்து இல்லை என்று திரும்பியவர்கள் மறுபடி கேட்டுப் பார்க்க இது ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் வேறு வழியைப் பிடித்தார்கள். 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் என்றார்கள். அங்கே பட்டியல் இல்லை, நடை இல்லை. ஆனால் பணக்காரர் வீட்டுக்கும் அதே 100 யூனிட். நம் முறையில் பணம் வீணாவது குறைவு, விட்டுப்போகும் ஏழைகள் அதிகம். எது மேல் என்று கேட்டால், எங்கள் மனம் தமிழ்நாட்டுப் பக்கம் சாய்கிறது. பாட்டியின் நெகிழிப் பையைப் பார்த்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

2025 ஜூலை முதல் தேதியிலிருந்து படிக்கட்டே போய்விட்டது. இப்போது சாதாரண வீட்டுப் பில்லில் மின்சார உற்பத்திக்கு 27.03 காசு, மின் நிலையத் திறனுக்கு 4.55 காசு, கம்பிவடத்துக்கு 12.85 காசு என்று தனித்தனி வரிகள். கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 காசு. பார்த்ததும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் கீழே சிக்கனத்துக்கான ஊக்கக் கழிவு என்று இன்னொரு வரி இருக்கிறது. 200 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு யூனிட்டுக்கு 25 காசு கழிகிறது. ஆக நிகர விலை 19.43 காசு, பழைய 21.8 காசைவிடக் குறைவு. யூனிட் கூடக் கூடக் கழிவு சிறுகச் சிறுகக் குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டியவருக்கு இல்லாமல் போகிறது. 300 யூனிட் வீடு முன்பு 77 வெள்ளி கட்டியது. புதிய கணக்கில் 65 வெள்ளி 79 காசு. 600 யூனிட்டுக்குள் உள்ளவர்களுக்கு மாதச் சேவைக் கட்டணம் 10 வெள்ளியும் கிடையாது. இதற்குப் பதிவு வேண்டாம், மாவட்ட அலுவலகம் வேண்டாம். வீட்டுக் கணக்கு ஒன்று இருந்தால் தானாகக் கழியும். நூறு வீட்டு யூனிட்டும் தோட்டத்தின் ஒரே மீட்டரில் கூடும் இடத்தில் இந்தச் சின்னக் கணக்கு நடக்காது என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

அந்த 111 யூனிட் வீட்டுப் பில்லில் இந்தக் கழிவு 27 வெள்ளி 75 காசு. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு போட்டு அச்சிட்டிருப்பார்கள். பாட்டி அந்தக் கோட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது மீதிக் காசா, எப்போ வந்து வாங்கிக்கணும்?" என்று கேட்டார்.